இடிப்பதற்காகக் கட்டிய வீடு

ஒரு கட்டடத்தை இடிக்க வேண்டும் என்பதற்காகவே அதைப் பழுதுபார்த்து, பூசி, தரை போட்டு, வெள்ளையடித்து நிமிர்த்தி வைத்த ஆள் சேலம் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் விழுந்தால் கதைக்குக் கை கால் முளைத்து, கடைசியில் கொம்பும் முளைத்துவிடும்.

எழுபதுகளின் பின்பாதி அது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ரோட்டை ஒட்டிய சின்னப் பேரூராட்சி எங்களுடையது. அப்பா காலமான பிறகு அண்ணன்கள் இருவரும் நானும் பாகம் பிரித்தோம். பெரியவர் கிணறு இருக்கும் தோட்டத்தையும் குடியிருந்த வீட்டையும் எடுத்துக்கொண்டார். அடுத்தவருக்குத் தென்னந்தோப்பு. கடைக்குட்டியான எனக்கு மழையை நம்பிய ஒரு துண்டு மேட்டாங்காடும் ரோட்டோரத்துப் பழைய சாவடியும் வந்தன. வந்தன என்பது கௌரவமான பேச்சு. அந்தச் சாவடியை நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். அண்ணன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நான் மனம் மாறுவதற்குள் சரி என்றார்கள். ரோட்டோரம் ஆயிற்றே, நாளைக்கு லாரி ஷெட் போடலாம் என்று என் மண்டைக்குள் அப்போதே லாரிகள் ஓடத் தொடங்கியிருந்தன. நிஜத்தில் நான் நாமக்கல்லில் ஒரு புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து, ஊரார் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாவடி, சேலம் சந்தைக்கு மாட்டு வண்டியில் போகிறவர்கள் இறங்கி இளைப்பாறட்டும் என்று எங்கள் முன்னோர் ஒருவர் தன் சொந்த நிலத்தில் கட்டி வைத்தது. முன்னால் கல்தூண்கள் நிற்கும் திறந்த கூடம். பின்னால் சில இருட்டு அறைகள். சுவரின் கனத்தில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். நிலைக்கு மேலே ஒரு கல்லில் ‘வழிப்போக்கர் நிழலுக்கும் தண்ணீருக்கும்’ என்று செதுக்கியிருக்கும். மாட்டு வண்டிகள் போய் லாரிகள் வந்தபின் அதில் சீட்டாடுகிறவர்களும் ஆடுகளும்தான் குடியிருந்தார்கள். சந்தை நாளில் மட்டும் நெசவூரான இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் சேலை மூட்டை கட்டி வருகிறவர்கள் தூணில் சாய்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவார்கள். மேலே மச்சில் ஒரு அரசங்கன்று முளைத்து, எனக்கு முன்பாகவே அது வீடு கட்டிக் குடியேறியிருந்தது.

நானும் என் மனைவியும் பெரிய அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். அண்ணி நல்லவர். ஆனால் அடுப்பு அவருடையது. என் மனைவி குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு நகர்ந்தால், அண்ணி வந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து இன்னொரு சிட்டிகை போடுவார். சாப்பிடும் நான் இரண்டு உப்பையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, குழம்பு பிரமாதம் என்பேன். யாரைச் சொன்னேன் என்று இருவரும் கேட்பார்கள். வயிற்றில் முதல் பிள்ளை தங்கியிருந்த சமயம், என் மனைவி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“ஏனுங்க, எனக்கு மாளிகை வேண்டாமுங்க. என்ற அடுப்புல நா உப்புப் போட்டா அது என்ற உப்பா இருக்கோணும். பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்குப் போனன்னா, திரும்பி இந்த ஊட்டுக்கு வரமாட்டன். தனி ஊடு பாத்துப்போட்டு அப்புறம் வந்து கூப்புடுங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆபீஸ் வேலையாகச் சேலம் போய், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு லாரி முதலாளியின் வீட்டைப் பார்த்திருந்தேன். அரை வட்டப் பால்கனி, மொசைக் தரை, இரும்பு கேட்டில் இரண்டு மயில்கள். நான் வாயைப் பிளந்து நின்ற நேரத்தில் காவல்காரர் இரண்டு தடவை வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த மயில்தான் வேண்டும் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது மனைவி வீடு என்றதும் என் மனம் நேராக அந்த கேட்டில் போய் நின்றது. சாவடியை இடித்துத் தரைமட்டமாக்குவது, அந்த இடத்தில் அரை வட்டப் பால்கனி எழுப்புவது. ஒரு அடுப்பு கேட்டவளுக்கு இரண்டு மயில். எவ்வளவு தாராளமான புருஷன் பாருங்கள்.

மனு எழுதிக்கொண்டு பேரூராட்சி ஆபீஸுக்குப் போனேன். அங்கே நிர்வாக அதிகாரியாக இருந்தவரை ஊர் முழுக்க ஈஓ என்றுதான் சொல்லும். ஆத்தூர்ப் பக்கத்து மனிதர். சிரிக்க மாட்டார், அதட்டவும் மாட்டார். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது வார்த்தையை வீணாக்க மாட்டார். என் மனுவைப் படித்துவிட்டு ஊர் விதியைச் சொன்னார்.

அந்த விதி பிறந்த கதை எனக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குக் கல் வேண்டும் என்று ஏரிக்கரை மண்டபத்தை இடித்தார்கள். அந்த ஆண்டு மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. கிணற்றில் தவளையே தண்ணீர் கேட்கும் நிலை வந்ததும் ஊர் கூடி, பழைய கட்டடம் எதையும் சொந்தக்காரனே ஆனாலும் இடிக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட வைத்தது. பழையது என்றால் எது என்பதில் பெரிய சண்டை. அவரவர் வீட்டை அவரவர் புதிது என்றார்கள். கடைசியில் ஒரு வரையறை எழுதினார்கள்: கட்டியதைக் கண்ணால் பார்த்ததாக உயிரோடு இருக்கும் ஒருவராவது சொன்னால் அது புதுக் கட்டடம், இல்லாவிட்டால் பழைய கட்டடம். பிறகு மழையும் பெய்தது. அதனால் அந்த விதியில் கை வைக்க எந்தத் தலைவருக்கும் தைரியம் வரவில்லை. தேர்தல் இல்லாமல் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்த அந்தக் காலத்திலும் விதி மட்டும் காலியாகவில்லை.

“உங்க சாவடி கட்டினதப் பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா தம்பி?” என்றார் ஈஓ.

“கட்டுனவரோட பேரனுக்குப் பேரன் நானுங்க சார்.”

“அப்ப பழசு.”

“இடிக்க முடியாதுங்களா?”

“முடியாது.”

இருந்தாலும் முறைப்படி தமுக்கடித்துக் கேட்டார்கள். ஒரே ஒரு முதியவர், தான் கட்டியதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்ததில், அவர் பார்த்தது பக்கத்து ஊர் ரைஸ் மில்லை.

நாள் போய்க்கொண்டிருந்தது. மனைவியின் வயிறு எனக்குக் காலண்டர் மாதிரி தெரிந்தது. அப்படிக் கலங்கியிருந்த ஒரு மதியம் புக்கிங் ஆபீஸ் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பத்து வருஷம் ஓடித் தேய்ந்த பழைய சேஸிஸ், அதாவது லாரியின் அடிச்சட்டம். அதன் மேல் புது பாடி கட்டி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, எலுமிச்சம்பழம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். நாமக்கல்லில் இது தினமும் நடப்பது. பார்த்தவர்கள் எல்லாம் புது லாரி எடுத்துட்டீங்களா என்று டிரைவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் கூச்சமே இல்லாமல் ஆமாங்க என்றார்.

எனக்குள் மின்னல் வெட்டியது. லாரிக்கு ஒரு நியாயம், சாவடிக்கு ஒரு நியாயமா? பழைய சேஸிஸை அப்படியே வைத்துப் புது பாடி கட்டிவிட்டால்? சாரம் கட்டி, மண் கொட்டி, ஊர் பார்க்க மாதக்கணக்கில் வேலை நடந்தால், கட்டியதைப் பார்த்தவர்கள் ஊரில் பாதிப்பேர் இருப்பார்கள். சாவடி புதுக் கட்டடம் ஆகிவிடும். புதுக் கட்டடம் ஆனதும் இடித்துவிடலாம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூளை வேகமாக ஓடும்போது பிரேக் பிடிக்காது.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். ரகசியத்தைச் சொன்னதும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க சாமி, இடிக்கறதுக்காகக் கட்டோணும்ங்கறீங்க.”

“ஆமாங்க.”

“கட்டுனது கெட்டியா இருக்கோணுமா, சும்மா கண்ணுக்கு இருந்தாப் போதுமா?”

ஈஓ தட்டிப் பார்ப்பார், கெட்டியாகவே இருக்கட்டும் என்றேன். மேஸ்திரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அரசங்கன்றை வேரோடு எடுத்தார். இற்றுப்போன உத்தரங்களை மாற்றினார். மச்சின் ஒழுகலை அடைத்தார். அறைகளில் ஜன்னல் திறந்தார். சிவப்புத் தரை போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து மினுக்கினார். நிலைக்கு மேலிருந்த எழுத்தைப் பூசி மறைக்கச் சொன்னபோது மட்டும், எழுத்து மேல் சாந்துக் கரண்டி வைக்கமாட்டேன் என்று சொல்லி, அதைக் கழுவித் துடைத்து இன்னும் பளிச்சென்று ஆக்கிவிட்டார். சீட்டாடுகிறவர்கள் சாரத்துக்கு அடியிலேயே உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நான் அவர்களை விரட்டவில்லை. அவர்கள்தானே என் சாட்சிகள்.

என் மனைவி தினமும் மத்தியானம் வேலையாட்களுக்கு மோர் கொண்டு வருவாள். அதற்குப் பிறகு மேஸ்திரிக்குப் புதிது புதிதாக யோசனை வரும். பின் அறையில் ஒரு மேடை கட்டினார். எதற்கு என்றேன். புதுக் கட்டடம் என்று ஈஓ நம்ப வேண்டுமானால் சமையற்கட்டு இருக்க வேண்டும், அது இல்லாமல் இந்தக் காலத்தில் யார் கட்டுகிறார்கள் என்றார். அதுவும் சரிதானே என்று நினைத்தேன். மறுநாள் புகைக்கூண்டு. சமையற்கட்டு என்றால் புகை போக வேண்டாமா? அப்புறம் ஆட்டாங்கல் பதிக்கக் குழி. அப்புறம் தொட்டில் கட்ட உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம். வளையத்தைப் பார்த்துவிட்டு, அட, ஈஓ இதையெல்லாமா பார்ப்பார் என்று கேட்டேன். மேஸ்திரி பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்க்காமல், மேலே பார்த்துக்கொண்டு, பாத்தாலும் பாப்பாருங்க சாமி என்றார். எவ்வளவு நுணுக்கமான ஆள் கிடைத்திருக்கிறார் என்று நான் அன்று மாலை அவருக்கு ஸ்பெஷல் டீ சொன்னேன்.

வேலை முடிந்தது. புது மனு கொடுத்தேன்: என் பெயரிலுள்ள புதுக் கட்டடத்தை இடிக்க அனுமதி வேண்டும். ஈஓ நேரில் பார்க்க வந்தார். ஊரில் பாதி கூடியிருந்தது. என் மனைவியும் நிறைமாத வயிற்றோடு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவத்துக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் மறுவாரம் வருவதாக இருந்தது. எனக்கு இருந்த கடைசி வாய்ப்பு இது.

ஈஓ அறை அறையாக நடந்தார். சுவரைத் தட்டினார். தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். சமையல் மேடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தொட்டில் வளையத்தை அண்ணாந்து பார்த்தார். அப்போது நான் மேஸ்திரியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன். பிறகு ஈஓ முன்கூடத்துக்கு வந்து கூட்டத்தைக் கேட்டார், இதைக் கட்டினதப் பார்த்தவங்க இருக்கீங்களா என்று.

சீட்டுக்கட்டைக் கையில் வைத்திருந்தவர் முதலில் எழுந்தார். “எங்க கண்ணு முன்னாலதானுங்க கட்டுனாங்க. சாந்து எங்க தலைமேலயே ஒழுகுச்சுங்க.”

ஆமாங்க, ஆமாங்க என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல் வந்தது. ஈஓ தலையாட்டினார்.

“சரி. இது புதுக் கட்டடந்தான்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கண் கலங்கியே போனது. கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அவர் மேற்கொண்டு சொன்னார்.

“புதுக் கட்டடத்துக்கு வேற விதி தம்பி. பழுதாகி, விழற நிலையில இருந்தாத்தான் இடிக்க அனுமதி. இது இன்னும் நாலு தலைமுறைக்கு விழாது.”

“ஐயோ சார், இது பழசுங்க. பூராப் பழசு. பூச்சுத்தானுங்க புதுசு.”

“பழசா?”

“ஆமாங்க சார், அந்த எழுத்தப் பாருங்க.”

“அப்ப முதல் விதி. இடிக்க முடியாது.”

கூட்டத்தில் முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு சாவடியே சிரித்தது. நான் நடுவில் நின்று, பழசு என்றாலும் முடியாது, புதுசு என்றாலும் முடியாது என்பதை மனதுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வாசல் இல்லை. வாசல் வைக்க மறந்த மேஸ்திரி நான்தான்.

அப்போதுதான் என் மனைவி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஈஓவைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க சார், இடிக்கக் கூடாதுன்னுதான விதி. இதுல ஒரு அடுப்புப் பத்த வெக்கறதுக்கு எடமிருக்குங்களா?”

அவர் அவள் வயிற்றையும் பின் அறையின் புகைக்கூண்டையும் ஒரு தடவை பார்த்தார்.

“பத்த வெக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லம்மா. சொந்த எடம். முன்னால தூண் இருக்கிற கூடத்த மட்டும் அடைச்சிராதீங்க. அது கல்லுல எழுதினவங்களோடது.”

அவ்வளவுதான். அனுமதி கேட்காமல் பழுதுபார்த்ததற்கு என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பழுதுபார்க்க அனுமதி கேட்டு அங்கேயே ஒரு மனு எழுதச் சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மோர் என்று அவர் சொன்னதாக மேஸ்திரி பிறகு சொன்னார். அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு மேஸ்திரியைத் தனியாகப் பிடித்தேன். மேடை, புகைக்கூண்டு, வளையம் எல்லாம் யார் யோசனை என்று கேட்டேன். அம்மணி சொன்னாங்க, நானும் நீங்க சொல்லித்தான் சொல்றாங்கன்னு இருந்தேன் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். இந்தப் பக்கத்தில் பொய்யும் மரியாதையோடுதான் சொல்வார்கள்.

மறுவாரம் அவள் தாய்வீடு போனாள். பெண் பிறந்தது. கைப்பிள்ளையோடு திரும்பியவள் அண்ணன் வீட்டு வாசலில் நிற்காமல் நேராகச் சாவடிக்கு வந்தாள். அண்ணிதான் முன்னால் வந்து பால் காய்ச்சிக் கொடுத்தார். முதல் குழம்பு கொதித்தபோது அண்ணியின் கை தானாக உப்பு ஜாடிப் பக்கம் போனதைப் பார்த்தேன். பாதி வழியில் நின்று, சேலைத் தலைப்பைச் சரி செய்வதுபோலத் திரும்பிவிட்டது. அந்தக் கைக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஊர் என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால், “ஏனுங்க, அடுத்து எத இடிக்கப் போறீங்க? எங்க ஊட்டுல கூரை ஒழுகுது, அதையும் கொஞ்சம் இடிச்சுக் குடுங்க” என்பார்கள். நானும் சாரம் கட்டுங்கள், வருகிறேன் என்பேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் புது மாடி வீடு கட்டியவர்கள் எல்லாம் விசிறியும் கையுமாகத் தெருவில் நடக்கும்போது, நான் அந்தக் கனமான சுவருக்குள் சிவப்புத் தரையில் வெறும் உடம்போடு படுத்திருப்பேன். அப்போதெல்லாம் மழை பொய்க்கும் என்று பயந்து விதி போட்ட ஊரை நினைத்துக்கொள்வேன். வளையத்தில் மகள் ஆடினாள், பின்னால் மகனும் ஆடினான். சந்தை நாளில் சேலைக்காரர்கள் முன்கூடத்துக்கு வருவார்கள். என் மனைவி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் பார்ப்பாள். அவர்களும் சலிக்காமல் பிரித்துக் காட்டுவார்கள்.

ஈஓ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன நாளில் ஒரு தார் வாழைப்பழத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நீங்கள் அன்றைக்கு எல்லாம் தெரிந்துதானே செய்தீர்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிட்டது. நாலு சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். கேட்காமல் போனது நல்லதுதான். கேட்டிருந்தால் விதிப்படி ஏதாவது சொல்லியிருப்பார்.

எண்பதுகளின் நடுவில் பஞ்சாயத்துக்குத் தேர்தல் வந்து புதிய ஆட்கள் உட்கார்ந்தார்கள். ரோடு முழுக்க, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களின் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். பழைய தீர்மானத்தை ரத்து செய்தார்கள். இனி சொந்தக்காரர் விரும்பினால் எந்தக் கட்டடத்தையும் இடித்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியைக் கேட்டதும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், நேராகச் சமையற்கட்டு வாசலில் போய் நின்றேன். விதி போய்விட்டது, இப்போது கையிலும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே ஆட்களைக் கூப்பிட்டு இதை இடித்துவிட்டு அரை வட்டப் பால்கனியோடு வீடு கட்டித் தருகிறேன் என்று, அவள் முகத்தைப் பார்க்கும் ஆசையில், ரொம்பவும் கம்பீரமாகச் சொன்னேன்.

அவள் குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

“வரச் சொல்லுங்க, நா உள்ளார சோறாக்கிட்டுத்தான் இருப்பன்.”